சுவருக்குப் போட்ட மாலை

ஜன்னல் சீட்டை நீங்களே வச்சுக்கங்க தங்கச்சி, எனக்குக் காத்து ஆகாது. தொண்டை கட்டிக்கிரும். இன்னிக்குத் தொண்டை கட்டக் கூடாது. இந்தப் பெட்டி முட்டியில இடிக்குதா? மேல வச்சா உள்ள இருக்க கண்ணாடி ஒடைஞ்சுரும், அதான் மடியிலயே வச்சிருக்கேன். மேக்கப் பெட்டி. ஆமா, நாடகந்தான். வேப்பங்குடியில இன்னிக்கு ராத்திரி திருவிழா நாடகம். ஸ்திரீபார்ட்டு நாந்தான். அதான், கதாநாயகி வேசம். என்ன அப்பிடிப் பாக்குறீங்க? அம்பது வயசை லைட்டும் பவுடரும் பாத்துக்கிரும்.

இருபத்திரண்டு வருசத்துல இதுதான் முதல் தடவை. இதுவரைக்கும் நான் டான்ஸ் கோமளா. பபூன் கூட ஆடுவேன், அவன் ரெட்டை அர்த்தத்துல பேசுவான், நான் வெக்கப்படணும். அப்புறம் ஸ்திரீபார்ட்டு வந்துரும், நான் படுதாவுக்குப் பின்னால போயிருவேன். அங்க ஒக்காந்து கேட்டுக் கேட்டே அம்புட்டுப் பாடமும் எனக்கு மனப்பாடம். கேக்கத்தான் ஒரு நாதி இல்ல.

இந்த ஊரு தேதி என் தேதி இல்ல. அமுதகலா தேதி. பதினொரு வருசமா வேப்பங்குடியில அவதான் ஸ்திரீபார்ட்டு. நான் அதைப் பறிச்சுக்கிட்டேன்னு எங்க சந்துல பேசுறாய்ங்க. மூஞ்சிக்கு நேரா யாரும் கேக்கல. கேட்டா நான் பதில் சொல்லுவேன்ல? நீங்க வெளியாளு, நியாயம் தெரிஞ்சவங்களாட்டம் தெரியுறீங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. நான் ஒரு வார்த்தை பொய் சொல்லல. அதை மட்டும் மனசுல வச்சுக்கங்க.

மதுரையில ஆர்மோனியச் சந்துன்னு கேட்டா ஆட்டோக்காரன் கொண்டாந்து விடுவான். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னாடி. ராஜபார்ட்டு, பபூன், மிருதங்கம், ஆர்மோனியம், எல்லாரும் ஒரே சந்துக்குள்ள. சுத்துப்பட்டு ஊருக்காரங்க திருவிழாவுக்கு ஆள் பேச அங்கதான் வருவாங்க. தொழிலுக்கு ஒரு கொறையும் இல்ல, சந்துதான் செத்துக்கிட்டுக் கெடந்துச்சு. செவரெல்லாம் வெடிப்பு, ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி, சாக்கடை வாசல்ல ஓடும். கட்டடமெல்லாம் ஆபத்தானது, இடிச்சுட்டு கார் நிறுத்துற எடம் கட்டப் போறோம்னு மாநகராட்சியில நோட்டீஸும் ஒட்டிட்டாய்ங்க. பாதிப் பேரு ஊருக்கு வெளிய போயிட்டாங்க.

அப்பத்தான் போன வருசம் நிவேதிதா மேடம் வந்துச்சு. கட்டடப் படிப்புக்குப் பாடம் எடுக்குற பொண்ணு. இருபது பிள்ளைகளைக் கூட்டியாந்து சாக்கடையை மூட வச்சு, வெடிப்பைப் பூசி, செவரு பூராம் படம் வரைஞ்சு, லைட்டு போட்டு, 'கலைச் சந்து'ன்னு போர்டு வச்சிருச்சு. சனிக்கிழமை ஆனா வெளியூரு ஆளுக காமிராவும் கையுமா வந்து நின்னுச்சுக. நோட்டீஸை வாபஸ் வாங்கிட்டாங்க. மூடிக் கெடந்த டீக்கடை தொறந்துச்சு. நல்லதுதானே? நல்லதுதான். வாடகையும் ஏறிருச்சு, அது வேற.

சந்து முனையில மூணு மாடிக்கு ஒரு மொட்டைச் செவரு. அதுல ஒரே ஒரு கலைஞர் மொகம் பெருசா வரையணும், யாரை வரையலாம்னு மேடம் எல்லாரையும் கூட்டி வச்சுக் கேட்டுச்சு. என் வீட்டுக்காரரு மிருதங்கம். அவருதான் முதல்ல வாயைத் தொறந்தாரு. 'அமுதகலா'ன்னாரு. என் புருசன்! எல்லாரும் கையைத் தூக்குனாங்க. நானுந்தான் தூக்குனேன். தூக்காம இருந்தா வயித்தெரிச்சல்ம்பாங்க.

வரைஞ்ச படம் நல்லாத்தான் இருந்துச்சு. என் வாசல்ல ஒக்காந்தா எதுத்தாப்புல அவ மூஞ்சிதான். காலையில எந்திரிச்சா அவ சிரிக்கிறா, கோலம் போட்டா சிரிக்கிறா, அரிசி களைஞ்சா சிரிக்கிறா.

மாசி மாசம் தெறப்பு விழா. அமுதா அன்னைக்கு ஊர்ல இல்ல. மகளுக்குத் தலைப்பிரசவம்னு கோயம்புத்தூர் போயிட்டா, நாப்பது நாள் கழிச்சுத்தான் வருவேன்னு. கவுன்சிலர் வந்தாரு. இம்புட்டுப் பெரிய செவரு வெறிச்சுன்னு இருக்கேன்னு நான் மேடத்துகிட்டச் சொன்னேன். ஒரு மாலை போட்டு, கீழ ஒரு குத்துவெளக்கு வச்சா லட்சணமா இருக்கும்னு சொன்னேன். அது நல்ல எண்ணத்துலதான் சொன்னது. மேடத்துக்கு அதெல்லாம் தெரியாது, சின்னப் பொண்ணு, ரொம்ப அழகா இருக்கும்க்கான்னு கையைப் பிடிச்சுக்கிருச்சு. பதினாறு அடியில செவந்தி மாலை கட்டிச் சாத்துனோம்.

நீங்களே சொல்லுங்க, எங்க ஊருல செவத்துல பெருசா ஒரு மூஞ்சி, மாலை, கீழ வெளக்கு இருந்தா என்னான்னு நெனைப்பாங்க? எனக்கு அன்னைக்கு அது தோணவே இல்ல. சத்தியமாத் தோணல.

எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு. தேதி கேக்க போன்ல கூப்பிட மாட்டாங்க. ஊர்த் தலைவரு நாலு பேரோட நேர்ல வந்து, வெத்தலை பாக்கு கையில குடுத்துத்தான் கேக்கணும். குடுத்த வெத்தலையை வாங்கிட்டா தேதி குடுத்த மாதிரி. மாசி பாதியில வர ஆரம்பிப்பாங்க. இன்னொன்னு, சீசன்ல எங்க சந்து பகல்ல தூங்கும். விடிய விடிய ஆடிட்டு வந்து மத்தியானம் வரைக்கும் ஒரு கதவு தொறக்காது. முழிச்சிருக்கிறது யாரு? தேதி இல்லாதவ. நாந்தான்.

மாலை போட்டு நாலாம் நாள். வாசல்ல ஒக்காந்து முருங்கக்கீரை உருவிக்கிட்டு இருக்கேன். வேப்பங்குடித் தலைவரு ஆண்டிச்சாமி, கூட ரெண்டு பேரு, தாம்பாளத்துல வெத்தலை பாக்கோட சந்துக்குள்ள நொழையுறாங்க. செவரைப் பாத்தாங்க. அப்பிடியே நின்னுட்டாங்க. தலைவரு செருப்பைக் கழட்டுனாரு. தோளுத் துண்டை எடுத்து இடுப்புல கட்டுனாரு. கூட வந்தவரு கண்ணைத் தொடைச்சாரு. தாம்பாளத்தை வெளக்குக்கு முன்னாடி வச்சுட்டுக் கும்பிட்டாங்க.

நான் எந்திரிச்சேன். சொல்லத்தான் எந்திரிச்சேன், தங்கச்சி. 'ஐயா, அவ கோயம்புத்தூர்ல இருக்கா'ங்குற வார்த்தை இங்க, தொண்டைக்குழி வரைக்கும் வந்துருச்சு. அதுக்குள்ள தலைவரு என் பக்கம் திரும்பி, "நீங்க டான்ஸ் கோமளாதானே? ஸ்திரீபார்ட்டுப் பாடம் தெரியுமா?"ன்னாரு.

இருபத்திரண்டு வருசமா ஒருத்தன் கேக்கலைங்க அதை. ஒருத்தன் கேக்கல.

"தெரியும்"னேன். பொய்யா? தெரியுமே. அவரு வெத்தலையை எடுத்து நீட்டுனாரு, பங்குனி பன்னெண்டுன்னாரு. கீரை ஒட்டுன கையாலயே வாங்கிட்டேன். செத்துட்டாளான்னு அவரும் கேக்கல, இல்லைன்னு நானும் சொல்லல. பெரிய மனுசன் அழுதுக்கிட்டு நிக்கையில நாம என்னாத்தைப் பேச?

அதுக்கப்புறம் வந்தாங்க பாருங்க, ஊர் ஊரா. ஏழு ஊரு. எல்லாரும் செவரைப் பாப்பாங்க, செருப்பைக் கழட்டுவாங்க. ரெண்டு ஊரு என்கிட்ட வெத்தலை குடுத்தாங்க. மத்த அஞ்சும் புதுக்கோட்டைப் பக்கம் வேற ஆள் தேடிப் போயிட்டாங்க. நான் யாரையும் கூப்பிடல, யாரையும் வெரட்டல. வாசல்ல ஒக்காந்திருந்தேன், அம்புட்டுத்தான்.

வெளக்கா? தெனமும் நாந்தான் ஏத்துனேன். செவந்தி வாடுனா வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை புது மாலை மாத்துனேன். அவ நல்லா இருக்கட்டும்னுதான். என் வீட்டுக்காரரு ஒரு நாளு, "உசுரோட இருக்கவளுக்கு எதுக்குடி தெனமும் வெளக்கு?"ன்னாரு. கலைக்கு ஏத்துறேன்னேன். அன்னையிலேருந்து சோத்தைப் போடுன்னு கூடக் கேக்குறதில்ல, தானே போட்டுச் சாப்புடுறாரு. நான் வெளக்கு ஏத்துறதை அந்தப் பிள்ளைகள்ல ஒண்ணு போட்டோ எடுத்துப் பேப்பர்ல போட்டுருச்சு. கலைஞரைக் கும்புடுற சந்துன்னு தலைப்பு. மேடத்துக்குத் தலைகால் புரியல. அந்த வாரம் ரெண்டு வேன் நெறைய ஆளுக.

அப்புறந்தான் அமுதா போன் பண்ணுனா. கைப்பிள்ளை அழுகுற சத்தம் கேக்குது. பேரன் பொறந்துட்டான்னு சொன்னா, சந்தோசமாத்தான் பேச ஆரம்பிச்சா. அப்புறம் குரலு எறங்கிருச்சு.

"அக்கா, இன்னும் ஒரு ஊரு கூட என்னைத் தேடலையா? நான் இல்லைன்னா உங்ககிட்டத்தானே சொல்லிட்டுப் போவாங்க? வேப்பங்குடி கூடவா வரல?"

அடுப்புல பால் பொங்குச்சு. நான் அதைப் பாத்துக்கிட்டே, இந்த வருசம் எல்லா எடத்துலயும் டல்லுதான் அமுதான்னேன். பரீட்சை நேரம், கையில காசில்லாம ஊர்க்காரங்க நாடகத்தைக் கொறைச்சுட்டாங்கன்னேன். பொதுவாச் சொன்னதுதான் அது. அவளைக் குறிச்சா சொன்னேன்?

அவ பிள்ளையைத் தட்டிக் குடுக்குறது கேட்டுச்சு. அப்புறம், சீசனே இப்பிடின்னா ஏறுன வாடகையை என்னால குடுக்க முடியாதுக்கா, சனிக்கிழமை வந்து வீட்டைக் காலி பண்ணிட்டு மக கூடவே இருந்துக்கிறேன்னா. இருபது வருசம் பக்கத்துப் பக்கத்து வீடு தங்கச்சி. என் பொண்ணு சடங்குக்கு அவதான் தலைக்குப் பூ வச்சு விட்டா. இருந்துட்டுப் போடீன்னு சொல்லிருக்கலாம். பிள்ளை பெத்த பொண்ணு கூடத் தாய் இருக்கிறதுதானே மொறைன்னு சொல்லி வச்சுட்டேன்.

சனிக்கிழமை. அவ பஸ்ஸு பத்து மணிக்கு வந்துரும். அவ வர்றதுக்கு முன்னாடி மாலையைக் கழட்டணும், வெளக்கைத் தூக்கி உள்ள வைக்கணும்னு ஏணியை எடுத்துக்கிட்டு வெளிய வர்றேன். மணி ஒம்போது. சந்து முனையில ஒரு வேன் நிக்குது. வேப்பங்குடிப் பொம்பளைக முப்பது பேரு எறங்குறாங்க. தட்டுல தேங்கா, பழம், ஒரு பச்சைப் பட்டுச் சேலை. பதினொரு வருசமா திருவிழாவுக்கு எங்க வீட்டுப் பொண்ணுன்னு அவளுக்குச் சேலை எடுப்பாங்களாம். அதைக் கொண்டாந்து படைக்க வந்திருக்காங்க. ஆண்டிச்சாமியும் கூட வந்திருக்காரு.

ஏணியைச் செவத்துல சாத்திட்டு, வாங்க வாங்க, வெயில் ஏறுது, சட்டுன்னு கும்பிட்டுட்டுக் கெளம்புங்கன்னேன். காபி போடவான்னேன். யாரு கேக்குறா? சேலையை வெளக்குக்கு முன்னாடி வச்சாங்க, வட்டமா ஒக்காந்தாங்க, ஒருத்தரு தோளை ஒருத்தரு கட்டிக்கிட்டு ஒப்பாரியைத் தொடங்கிட்டாங்க. ஒப்பாரியைப் பாதியில நிப்பாட்ட யாரால முடியும்? அவ நின்ன நெலை, அவ கும்பிட்ட கை, ஊருப் பிள்ளைக காச்சல்ல கெடந்தப்ப மேடையில வேண்டிக்கிட்டது எல்லாத்தையும் சொல்லிச் சொல்லி அழுகுறாங்க. அவ அங்க போயி இதெல்லாம் செஞ்சிருக்கான்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை பாருங்க, காமிராக் கூட்டம் வேற வந்துருச்சு. நிவேதிதா மேடம் அது ஏதோ மரியாதை பண்ற வழக்கம்னு நெனைச்சு, யாரும் குறுக்க போகாதீங்கன்னு மெதுவாச் சொல்லிக்கிட்டு நிக்குது. ஜன்னல் ஒண்ணொண்ணாத் தொறக்குது. தூக்கக் கலக்கத்துல ராஜபார்ட்டு எட்டிப் பாக்குறாரு, யாருக்கு என்னான்னு கேக்குறாரு. என் வீட்டுக்காரரு வாசல்ல வந்து நின்னாரு. என்னையவே பாத்துக்கிட்டு நின்னாரு. நான் முனையவே பாத்துக்கிட்டு நிக்கிறேன். பத்தாச்சு. பத்தே காலாச்சு. பஸ்ஸு பஞ்சராப் போகக் கூடாதான்னு கூட நெனைச்சேன்.

ஆட்டோ வந்து நின்னுச்சு.

கட்டைப்பையோட எறங்குனா. அவ பேரைச் சொல்லி அழுகுறது அவ காதுல விழுகுது. பையைக் கீழ வைக்காமலே நடந்து வந்தா. எதிர்ப்பக்கம் ஒக்காந்திருந்த பொம்பளை முதல்ல பாத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டா. ஒண்ணொண்ணா அடங்குச்சு. செவத்தைப் பாத்து ஒக்காந்த ஒரு வயசான அம்மா மட்டும் திரும்பாம பாடிக்கிட்டே இருந்துச்சு. பக்கத்துல இருந்தவ தோளைத் தட்டுனா. அந்தம்மா திரும்பிப் பாத்துட்டு, எந்திரிச்சு வந்து, அமுதா மூஞ்சியை ரெண்டு கையாலயும் தடவிப் பாத்துச்சு.

ஆண்டிச்சாமி திரும்புனாரு. "அப்ப இது என்னாம்மா?"ன்னு என்னையக் கேட்டாரு. சந்தே என்னையப் பாக்குது. நான் ஒரு வார்த்தை சொல்லலையே ஐயான்னேன். உண்மைதானே? அதைச் சொல்லையில, வெளக்கு மங்குதுன்னு நான் எடுத்தாந்து ஊத்துன எண்ணெய்க் கிண்ணம் இன்னும் என் கையில இருந்துச்சு.

அமுதா மாலையைப் பாத்தா. வெளக்கைப் பாத்தா. சேலையைப் பாத்தா. கிண்ணத்தைப் பாத்தா. அவ மேடையில இருபது வருசம் நின்னவ, எதுத்து நிக்கிறவன் பாடத்தை மறந்துட்டா அரை நொடியில தூக்கி விட்டுருவா, பாக்குறவனுக்குத் தெரியவே தெரியாது. சிரிச்சா, அந்தச் செவத்துல இருக்க அதே சிரிப்பு.

"தலைவரே, மக பிரசவத்துக்குப் போனேன். என் தேதியைப் பாத்துக்கங்கக்கான்னு நாந்தான் சொல்லிட்டுப் போனேன். சந்துக்கு நல்லதுன்னு வெளக்கும் நாந்தான் ஏத்தச் சொன்னேன். நான் செத்தா முதல் ஆளு ஒங்க ஊருக்கு வரும், கவலைப்படாதீங்க."

பொம்பளைக அழுகையும் சிரிப்புமா அவளைக் கட்டிக்கிட்டாங்க. பச்சைச் சேலையைத் தோள்ல போட்டு விட்டாங்க. பங்குனி பன்னெண்டை நீயே வாங்கிக்கம்மான்னு தலைவரு கெஞ்சுறாரு. அவ தலையை ஆட்டிட்டா. "குடுத்த வெத்தலையைத் திருப்பக் கூடாது தலைவரே. அக்காதான் ஆடணும்." அவ்வளவு பேருக்கு முன்னாடி, பிச்சை போடுற மாதிரி. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்னு நீங்களே நெனைச்சுப் பாருங்க.

ஏழு ஊருல ஒண்ணு கூடத் திரும்பி வரல. வராது, வெத்தலை மாத்தியாச்சுல்ல. இருந்துரு, நடிகர் சங்கத்துல சொல்லி ஏதாச்சும் பண்ணுவோம்னு எல்லாரும் சொன்னாங்க, அவ கேக்கல. திங்கக்கெழமை சாமானை லோடு ஆட்டோவுல ஏத்திட்டா. இப்ப அவ வீட்டுல காபிக் கடை வரப் போகுதாம். சந்து நல்லாத்தான் முன்னேறுது.

ஏறுறதுக்கு முன்னாடி என் வாசலுக்கு வந்தா. சரி, வச்சு வாங்கப் போறான்னு நான் முந்தானையைச் சொருகிக்கிட்டேன். எனக்கும் பேசத் தெரியும்ல? அவ என்ன சொன்னான்னு தெரியுமா தங்கச்சி?

"அக்கா, வேப்பங்குடியில முன் வரிசை பூராம் வயசானவங்க. ரெண்டாவது விருத்தத்தை இழுத்து, மெதுவாப் பாடுங்க. ஒடனே கை தட்ட மாட்டாங்க, பிடிக்கலைன்னு நெனைச்சுராதீங்க, அவுக அப்பிடித்தான். சுடுதண்ணி மட்டும் குடிங்க."

அம்புட்டுத்தான். ஆட்டோவுல ஏறிட்டா.

அதைத்தான் என்னால மன்னிக்க முடியல. நடுச் சந்துல என் முடியைப் பிடிச்சு இழுத்திருக்கலாம். சண்டாளின்னு மண்ணை வாரித் தூத்திருக்கலாம். நானும் நாலு கேட்டிருப்பேன், சாயங்காலமே ராசியாகியிருப்போம். சுடுதண்ணி குடிங்கன்னா நான் என்னாத்தைச் சொல்ல?

என்ன, வேப்பங்குடி வெலக்கு ரோடா? வந்துருச்சா? இருங்க, எறங்குறேன்.

எங்க நாடகத்துல ஒண்ணு உண்டு. முதல்ல வந்து நிக்கையில சபையைக் கும்பிட்டு, என் பேரு இன்னது, ஊரு இன்னது, நான் செஞ்ச குத்தம் கொறை எதுவா இருந்தாலும் பெரியவங்க பொறுத்துக்கணும்னு சொல்லிட்டுத்தான் பாட்டையே ஆரம்பிக்கணும். சொல்லாமப் பாட முடியாது, ஆர்மோனியக்காரன் சுதியே குடுக்க மாட்டான். இருபத்திரண்டு வருசமா வாய்ப்பாடாட்டம் ஒப்பிச்சது அது. இன்னிக்குக் காலையில கண்ணாடி முன்னாடி நின்னு ஒருக்காச் சொல்லிப் பாத்தேன். பேரு வந்துச்சு, ஊரு வந்துச்சு. அதுக்கு மேல வாய் எந்திரிக்கல தங்கச்சி.

அந்தா, அந்த முப்பது பொம்பளைகளும் ரோட்டுக்கே வந்து நிக்கிறாங்க பாருங்க, என்னையக் கூட்டிட்டுப் போக.